அப்பா போனில் எதையும் திறக்காமலேயே விளம்பரம் வருகிறது. ஆன்டிவைரஸ் வாங்கலாமா?

துறையூரான்

வணக்கம் நண்பர்களே. அப்பாவுக்கு 67 வயது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறார், நான் ஓசூரில். பத்து நாளாக அவர் போனில் எதையும் தொடாமலேயே திரை முழுக்க விளம்பரம் வந்து நிற்கிறதாம். அன்லாக் செய்தால் ஒன்று, பேசி முடித்துக் கீழே வைத்தால் ஒன்று. மூடுவதற்கான பெருக்கல் குறி ஐந்து விநாடி கழித்துதான் வருகிறது, அதுவும் கடுகு அளவில். விரல் கொஞ்சம் தவறினால் பிளே ஸ்டோரில் போய் நிற்கிறது.

போன் ஆண்ட்ராய்டு 12, வாங்கி மூன்று வருடம். மெனு எல்லாம் தமிழில் வைத்திருக்கிறார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு கிளீனர் ஆப்பும் பேட்டரியைச் சேமிக்கும் ஆப் ஒன்றும் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் தொல்லை கூடியதுபோல்தான் தெரிகிறது. இடையிடையே "உங்கள் போனில் 4 வைரஸ்கள் உள்ளன" என்று மேலே ஒரு அறிவிப்பு வேறு.

காசு கொடுத்து நல்ல ஆன்டிவைரஸ் வாங்கிப் போடலாமா? விபிஎன் போட்டால் விளம்பரம் நிற்கும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? பென்ஷன் கணக்கின் ஓடிபி இந்த நம்பருக்குத்தான் வருகிறது, அதுதான் பயம். தீபாவளிக்குத்தான் ஊருக்குப் போக முடியும். அதுவரை எதைச் செய்தாலும் போனில் பேசிப் பேசித்தான் செய்ய வேண்டும்.

அரைடிக்கெட்

ஃபேக்டரி ரீசெட் அடிங்க ப்ரோ. ஒரே அடி, வேலை முடிந்தது.

சர்வீஸ் அண்ணாச்சி

அரைடிக்கெட் தம்பி, போன் கையில் இருக்கிறவனுக்கு அது ஒரே அடி. ஓசூரில் இருந்துகொண்டு அப்பாவின் வாட்ஸப், பேரன் படங்கள், வங்கி ஆப் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றுவது யார்? அதோடு, ரீசெட் முடிந்து கூகுள் கணக்கைக் கொடுத்ததும் "பழைய ஆப்களைத் திரும்பப் போடவா" என்று கேட்கும். பெரியவர் சரி என்று அழுத்தினால் பழைய கள்ளனும் கூடவே வந்து உட்காருவான். ரீசெட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

துறையூர்த் தம்பி, நான் திருநெல்வேலியில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பெரியவர்களாவது இதே புகாரோடு வருகிறார்கள். நீங்கள் சொல்வதில் இரண்டு தனி நோய் இருக்கிறது, சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

"4 வைரஸ்" அறிவிப்பு வைரஸே இல்லை. அப்பா குரோமில் ஏதோ ஒரு தளத்தைப் பார்க்கும்போது "அறிவிப்பு அனுப்பலாமா" என்று கேட்டிருக்கும், அனுமதி என்று தட்டியிருப்பார். குரோமில் மூன்று புள்ளி, அமைப்புகள், அறிவிப்புகள் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

திரை முழுக்க வருவது ஒரு ஆப்பின் வேலை. அதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அடுத்த முறை விளம்பரம் வந்ததும் அதை மூடாமல், சமீபத்திய ஆப்களைக் காட்டும் திரைக்குப் போகச் சொல்லுங்கள். அந்த அட்டையின் மேலே எந்த ஆப்பின் படம் இருக்கிறதோ அதுதான் கள்ளன். படத்தை அழுத்திப் பிடித்தால் ஆப் விவரப் பக்கம் திறக்கும்.

அப்படியும் சிக்காவிட்டால், அமைப்புகளில் ஆப்களுக்கான சிறப்பு அணுகல் என்று ஒரு இடம் உண்டு. அதற்குள் "பிற ஆப்ஸின் மேல் காட்டுதல்" என்பதுபோல் ஒரு வரி இருக்கும், போனுக்குப் போன் வார்த்தை மாறும். ஆண்ட்ராய்டு 10க்குப் பிறகு, பின்னால் ஓடும் ஆப் நினைத்த நேரத்தில் திரைக்கு முன்னால் குதிக்க முடியாதபடி கட்டுப்பாடு வந்துவிட்டது. இந்த அனுமதி இருக்கிற ஆப்புக்கு அதில் விலக்கு உண்டு. அதனால் பெரும்பாலும் கள்ளன் இந்தப் பட்டியலில்தான் உட்கார்ந்திருப்பான்.

கிளீனரையும் பேட்டரி ஆப்பையும் இன்றே எடுத்துவிடுங்கள். எந்த ஆப் நினைவகத்தில் இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்கிறது. கிளீனர் ஒரு ஆப்பை மூடும், அந்த ஆப் மறுபடி திறக்கும், நடுவில் பேட்டரி கரையும்.

மலைக்கோட்டை ராணி

ஆன்டிவைரஸ் வாங்கும் முன் ஒரு செய்தி. அவாஸ்ட் என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் கம்ப்யூட்டர் சென்டர்களில் பாதி அதில்தான் ஓடியது. நம்மை யாரும் பின்தொடராமல் காப்பதாகச் சொன்ன அந்தக் கம்பெனியே, ஆட்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற தன் துணைக் கம்பெனி வழியாக 2014 முதல் விற்றுக்கொண்டிருந்தது. பத்திரிகைகளில் வெளியானதும் 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது, அந்த விவரத்தை இனி விளம்பரத்துக்கு விற்கவும் தடை போட்டது.

எல்லா ஆன்டிவைரஸும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் போனில் தேவையில்லாத ஆப் அதிகமாகி வந்த நோய்க்கு இன்னொரு ஆப்பை மருந்தாகப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிளே ஸ்டோருக்குள் பிளே புரொடெக்ட் என்ற சோதனை ஏற்கெனவே இருக்கிறது. அது அணைந்து கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

துறையூரான்

நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. நேற்று இரவு நாற்பது நிமிடம் பேசினோம். முதல் பதினைந்து நிமிடம் "சதுர பட்டன் எங்க இருக்கு" என்பதிலேயே போய்விட்டது. அவர் போனில் பட்டனே இல்லை, கீழிருந்து மேலே தள்ளிப் பிடிக்க வேண்டுமாம்.

விளம்பர அட்டை கிடைத்தது. ஆனால் பெயரும் இல்லை, படமும் இல்லை, வெறும் வெள்ளை. அப்புறம் நீங்கள் சொன்ன பட்டியலுக்குப் போனோம். அனுமதி பெற்றவை நான்கு. யார் அழைக்கிறார் என்று காட்டும் ஆப், கிளீனர், பேட்டரி ஆப், அப்புறம் ஒரு க்யூஆர் ஸ்கேனர். கடைசியாகச் சொன்னதற்கு முகப்பில் படமே இல்லை, பட்டியலில் மட்டும் இருக்கிறது.

எதற்குப் போட்டீர்கள் என்றால், சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி காட்ட ஒரு கட்டம் அச்சடித்திருந்தார்களாம், அதைப் படிக்கவாம். "நல்ல ஆப்புடா அது, நேரா மண்டபத்து வாசல்ல கொண்டு போய் விட்டுச்சு" என்கிறார். அந்த ஸ்கேனரின் அனுமதியைப் பிடுங்கியதும் விளம்பரம் நின்றது. ஆனால் நிறுவல் நீக்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, அழுத்தினால் அசையவில்லை.

இரண்டு கேள்வி. அதை எப்படி நீக்குவது? பிளே ஸ்டோரில் இருந்து போட்டது, நாலரை நட்சத்திரம், 50 லட்சத்துக்கு மேல் பதிவிறக்கம். அப்படிப்பட்டதே இப்படி இருந்தால் எதைத்தான் நம்புவது?

சர்வீஸ் அண்ணாச்சி

பாதுகாப்பு அமைப்புகளில் "சாதன நிர்வாகி ஆப்ஸ்" என்று தேடுங்கள். அதில் இந்த ஸ்கேனர் தன்னை நிர்வாகியாகப் பதிந்து வைத்திருக்கும். டிக்கை எடுத்தால் நீக்கும் பொத்தானுக்கு உயிர் வரும். விளம்பரம் குறுக்கே விழுந்து செய்ய விடாவிட்டால் சேஃப் மோடில் போய்ச் செய்யுங்கள். பல போன்களில் பவர் ஆஃப் என்பதை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும். அதில் நாம் போட்ட ஆப் எதுவும் ஓடாது. வேலை முடிந்ததும் ரீஸ்டார்ட், அவ்வளவுதான்.

நீக்கும் முன் அந்த ஆப்பின் அனுமதிப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். எஸ்எம்எஸ் இருக்கிறதா, அறிவிப்புகளைப் படிக்கும் அணுகல் இருக்கிறதா, ஆக்சசிபிலிட்டி (திரையில் இருப்பதைப் படித்து, நமக்குப் பதிலாகத் தட்டவும் விடும் அணுகல்) இருக்கிறதா. மூன்றில் ஒன்று இருந்தாலும் அது ஓடிபியைப் படித்துவிடலாம், அப்போது விஷயம் வேறு.

சிங்கைத்தமிழன்

பிளே ஸ்டோர் கேள்விக்கு: இதே கதை முன்பே நடந்திருக்கிறது. பார்கோட் ஸ்கேனர் என்றே பெயருள்ள ஒரு ஆப், ஒரு கோடிக்கு மேல் பதிவிறக்கம். வருடக்கணக்காக ஒழுங்காக வேலை செய்தது. 2020 டிசம்பர் வாக்கில் ஒரு அப்டேட் வந்தது. அதற்கப்புறம் போனைத் தொட்டாலே விளம்பரப் பக்கம் திறந்தது. நடுவில் ஆப் கைமாறியிருந்தது. மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்புக் கம்பெனிதான் 2021 பிப்ரவரியில் இதை வெளியிட்டது. கூகுள் கடையில் இருந்து தூக்கிய பிறகும், ஏற்கெனவே போட்டிருந்தவர்கள் போனில் அது அப்படியே இருந்தது.

நட்சத்திரம் எல்லாம் அது நல்லவனாக இருந்த காலத்தில் வாங்கியது. அதனால் நான் மொத்த நட்சத்திரத்தைப் பார்ப்பதே இல்லை. விமர்சனங்களைப் புதியதில் இருந்து வரிசைப்படுத்தி, ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களை மட்டும் படிப்பேன். திட்டுகிறவர்கள்தான் விவரமாக எழுதுவார்கள்.

விபிஎன் என்பது நம் இணையப் போக்குவரத்தை இன்னொரு கம்பெனியின் சர்வர் வழியாக அனுப்புவது. ஏற்கெனவே போனுக்குள் இருக்கிற ஆப் காட்டும் விளம்பரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் இணையக் கம்பெனி பார்ப்பதை விபிஎன் கம்பெனி பார்க்கும், அதுதான் வித்தியாசம். ஒனாவோ என்று ஒரு இலவச விபிஎன் இருந்தது. ஃபேஸ்புக் 2013ல் அந்தக் கம்பெனியை வாங்கி, ஆட்கள் வேறு எந்த ஆப்களை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. 2018ல் ஆப்பிள் கடையில் இருந்து போனது, 2019ல் மூடிவிட்டார்கள். இந்தியாவிலோ 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருடம் விபிஎன் கம்பெனிகள் வைத்திருக்க வேண்டும் என்றது. அதற்கு உடன்படாமல் சில பெரிய கம்பெனிகள் சர்வர்களையே அங்கிருந்து எடுத்துவிட்டன. உங்கள் அப்பாவுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அரைடிக்கெட்

அதான் சொல்றேன், இலவசம் என்றாலே இப்படித்தான். காசு கொடுத்து வாங்கினால் பிரச்சினையே இல்லை.

மலைக்கோட்டை ராணி

இல்லை தம்பி. படம் பார்க்க எதைப் போட்டிருக்கிறாய்? விஎல்சிதானே. 1996ல் பாரிஸ் அருகே கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்தது, இன்றைக்கும் லாப நோக்கில்லாத ஒரு அமைப்பு நடத்துகிறது. நிரல் எல்லாம் வெளிப்படை, விளம்பரம் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு விவரத்தையும் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆப் செய்கிறவர்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். நன்கொடையா, சந்தாவா, அரசு சம்பளமா? ஒன்றுமே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் விறகு நாம்தான்.

அடுத்தது, வேலைக்கும் கேட்கும் அனுமதிக்கும் பொருத்தம் இருக்கிறதா. ஸ்கேனருக்குக் கேமரா போதும், தொடர்பு எண்களும் இருப்பிடமும் எதற்கு? பத்து வருடத்துக்கு முன்பே ஒரு டார்ச் ஆப் இப்படி மாட்டியது. பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட் என்று பெயர். வெளிச்சம் கொடுக்கிற சாக்கில் போன் இருக்கும் இடத்தை விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பியதற்காக 2013ல் அமெரிக்காவில் வழக்கு.

பிளே ஸ்டோரில் 'தரவுப் பாதுகாப்பு' என்ற பகுதியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது ஆப் செய்தவரே எழுதிக்கொடுப்பது, தன் பிள்ளைக்குத் தானே நன்னடத்தைச் சான்றிதழ் கொடுப்பது மாதிரி. எக்ஸோடஸ் பிரைவசி என்ற பிரெஞ்சு அமைப்பின் தளத்தில் ஆப்பின் பெயரைப் போட்டுத் தேடினால், உள்ளே எத்தனை டிராக்கர் (நம்மைப் பற்றிய விவரம் திரட்டும் நிரல்) பொதிந்திருக்கிறது என்று காட்டும். போடும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுவேன்.

துறையூரான், அப்பா போனின் கேமராவையே அந்தக் கட்டத்துக்கு நேராகக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 என்றால் பெரும்பாலும் அதுவே படித்துவிடும். இல்லாவிட்டால் கூகுள் லென்ஸ் இருக்கிறது. தனி ஸ்கேனரே தேவைப்பட்டிருக்காது.

துறையூரான்

நீக்கியாச்சு! நிர்வாகிப் பட்டியலில்தான் இருந்தான். கிளீனர், பேட்டரி ஆப் எல்லாம் போயாச்சு. குரோமில் 11 தளங்கள் அனுமதி வாங்கி வைத்திருந்தன, அணைத்துவிட்டோம்.

ஸ்கேனர் வைத்திருந்த அனுமதிகள்: கேமரா, இருப்பிடம், கோப்புகள், தொடர்பு எண்கள். எஸ்எம்எஸ் இல்லை. அறிவிப்புகளைப் படிக்கும் பட்டியலிலும் ஆக்சசிபிலிட்டியிலும் அதன் பெயர் இல்லை. வங்கிக் கணக்கில் இனி ஏதாவது செய்ய வேண்டுமா அண்ணாச்சி? இன்னொன்று, நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்க ஆப் போட வேண்டும் என்கிறார். தேடினால் அந்தப் பெயரில் என்னென்னவோ வருகிறது.

சர்வீஸ் அண்ணாச்சி

எஸ்எம்எஸ் போகவில்லை என்பதே பெரிய நிம்மதி. ஒரு மாத ஸ்டேட்மென்டை மட்டும் பார்த்துவிடுங்கள். யுபிஐ பின்னை மாற்றச் சொல்லுங்கள், மனசுக்குத் தெம்பு. தெரியாத தொகை ஏதாவது போயிருந்தால் யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். பணம் கைமாறும் முன் நிறுத்த வேண்டும் என்றால் நேரம்தான் முக்கியம்.

ஆயுள் சான்றுக்கு இரண்டு ஆப்தான். ஜீவன் பிரமான், அதோடு முகத்தைச் சரிபார்க்க ஆதார் ஃபேஸ் ஆர்டி. அரசின் ஜீவன் பிரமான் தளத்தில் இருக்கும் இணைப்பு வழியாகவே போங்கள். ஆதார் ஆப்புக்குக் கீழே வெளியிட்டவர் பெயர் ஆதார் ஆணையம் என்று இருக்க வேண்டும். வாட்ஸப்பில் "பென்ஷன் நின்றுவிடும், உடனே இதைப் போடுங்கள்" என்று ஏபிகே கோப்பு (பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பைப் போட வைக்கும் கோப்பு) வந்தால் தொடவே கூடாது. அந்த வழியாக வருகிறவன் விளம்பரம் காட்ட வரமாட்டான், ஓடிபிக்குத்தான் வருவான். என்னிடம் வந்த ஒருவருக்கு அப்படித்தான் போக்குவரத்து அபராதம் என்று கோப்பு வந்தது. நல்லவேளை, திறக்கும் முன் கடைக்கு எடுத்து வந்தார்.

துறையூரான்

யுபிஐ பின்னை மாற்றிவிட்டார். ஸ்டேட்மென்டும் பார்த்தோம், சரியாக இருக்கிறது. நேற்றில் இருந்து ஒரு விளம்பரம்கூட இல்லை. எல்லாருக்கும் நன்றி.

ஒரே ஒரு சிக்கல். தமிழ் காலண்டர் ஆப் ஒன்று வைத்திருக்கிறார். அது தொடர்பு எண்களும் இருப்பிடமும் கேட்டு வாங்கியிருக்கிறது. எடுக்கச் சொன்னால் முடியாதாம், ராகுகாலம் பார்க்க வேண்டுமாம். சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதே என்றால், "அதுல தேதி கிழிக்கிறதே உங்கம்மாதான், நான் எங்க பார்க்கிறது" என்கிறார்.

மலைக்கோட்டை ராணி

இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு அனுமதியையும் பிடுங்கிவிட்டுத் திறந்து பாருங்கள். ராகுகாலம் தெரிந்தால் வைத்துக்கொள்ளட்டும்.

துறையூரான்

தெரிகிறது அக்கா. இன்றைக்கு ஒன்றரையில் இருந்து மூன்று வரை போன் பேசக்கூடாதாம்.