பிபிஎஃப் வட்டி விகிதம் இடையிடையே மாறினால் எக்செல்லில் எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி:
வணக்கம். என் தந்தையார் 2016 ஏப்ரல் 4 அன்று பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் 1,00,000 ரூபாய் செலுத்தினார். அந்த ஒரு தொகை மட்டும் 2020 மார்ச் 31 வரை எவ்வளவாக வளர்ந்திருக்கும் என்று அறிய விரும்பினேன். எதிர்கால மதிப்பைத் தரும் எஃப்வி (FV) சார்பு ஒரே விகிதத்தைத்தான் ஏற்கிறது என்பதால், பல விகிதங்களை ஏற்கும் எஃப்விஷெட்யூல் (FVSCHEDULE) சார்பில் அக்காலத்தில் நடப்பில் இருந்த 8.1, 8.0, 7.9, 7.8, 7.6, 8.0, 7.9 ஆகிய ஏழு விகிதங்களையும் வரிசையாகக் கொடுத்தேன். விடை ஏறத்தாழ 1,70,273 ரூபாய் என்று வருகிறது. பாஸ்புக்கோடு இது பொருந்தவே இல்லை. பேசாமல் சராசரி விகிதத்தை எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
எஃப்விஷெட்யூல் தனக்குத் தரப்படும் ஒவ்வொரு விகிதத்தையும் ஒரு முழுக் காலத்துக்கு உரியதாகக் கொண்டு அசலைப் பெருக்கிக்கொண்டே செல்லும். நீங்கள் ஏழு விகிதங்களைக் கொடுத்ததால் நான்கு ஆண்டு வட்டி ஏழு ஆண்டு வட்டியாகிவிட்டது. பிபிஎஃப்பில் வட்டி மாதந்தோறும் கணக்கிடப்பட்டாலும் நிதியாண்டின் முடிவில்தான் வரவு வைக்கப்படுகிறது. ஆகவே ஓராண்டுக்குள் விகிதம் மாறினால், ஒவ்வொரு விகிதத்தையும் அது நடப்பில் இருந்த மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி 12ஆல் வகுக்க வேண்டும், ஒவ்வொன்றாலும் அசலைப் பெருக்கிக்கொண்டே போகக் கூடாது. 2017-18இல் 7.9 மூன்று மாதமும், 7.8 ஆறு மாதமும், 7.6 மூன்று மாதமும் இருந்தன. ஆண்டு விகிதம் 7.775 ஆகிறது. இவ்வாறே 2016-17க்கு 8.05, 2018-19க்கு 7.8, 2019-20க்கு 7.925. இந்த நான்கையும் பி2 முதல் பி5 வரை சதவீதக் குறியுடன் இட்டு,
=எஃப்விஷெட்யூல்(100000,பி2:பி5)
என்று கொடுத்தால் 1,35,482.63 கிடைக்கும். சதவீதக் குறி இல்லாமல் வெறும் 8.05 என்று இட்டால் அசல் முதல் ஆண்டிலேயே ஒன்பது மடங்காகிவிடும், இதைக் கவனியுங்கள்.

மறுமொழி 2:
சராசரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த நான்கு விகிதங்களின் சராசரியான 7.8875ஐ எஃப்வியில் இட்டால் 28 பைசாதான் கூடுதலாக வருகிறது. விகிதங்கள் நெருக்கமாக இருப்பதே அதற்குக் காரணம். ஓராண்டு 10 சதவீதமும் மறு ஆண்டு 4 சதவீதமும் கிடைத்தால் ஒரு லட்சம் 1,14,400 ஆகும். சராசரியான 7 சதவீதமோ 1,14,490 என்று காட்டும். விகிதங்கள் விலக விலக இந்தப் பிழை பெரிதாகும் என்பதால் நான் சராசரியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இப்போது சரியாக வருகிறது. ஆண்டுதோறும் புதிதாகப் பணம் செலுத்துபவர் என்ன செய்வது?

மறுமொழி 1:
எஃப்விஷெட்யூல் ஒரே முறை செலுத்திய தொகைக்கு மட்டுமே உதவும். ஆண்டுதோறும் செலுத்துவதற்கு, ஏ நிரலில் செலுத்திய தொகையையும் பி நிரலில் ஆண்டு விகிதத்தையும் எழுதி, சி1இல் 0 என்று இட்டு, சி2இல்
=(சி1+ஏ2)*(1+பி2)
என்று கொடுத்துக் கீழே இழுத்துவிடுங்கள். ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் செலுத்தியிருந்தால்தான் இது பொருந்தும். தாமதமானால் அந்த மாத வட்டி புதிய தொகைக்குக் கிடைக்காது.