சாகச விளையாட்டுத் தடை: வாதக் கட்டுரைக்கு மதிப்பெண்

கேள்வி: ஆபத்தான சாகச விளையாட்டுகளைத் தடைசெய்ய வேண்டுமா என்ற தலைப்பில், "உயிர் போகிறது, ஆகவே தடை வேண்டும்" என்பதையே ஒரு மாணவி பிழையற்ற நடையில் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறார். எவ்வளவு மதிப்பெண் தரலாம்?

பதில் 1: நடைக்குத் தாராளமாகத் தாருங்கள், வாதத்தில் கறாராக இருங்கள். தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் விளக்கிய முறைப்படி, கூற்றையும் சான்றையும் இணைக்கும் நியாயம் ஒன்று வேண்டும். உயிரிழப்பு சான்றுதான், ஆனால் தன் உயிரைத் தானே பணயம் வைக்கும் வயதுவந்தவரை அரசு ஏன் தடுக்க வேண்டும் என்பதற்கு மாணவி விடை சொல்லவில்லையே.

பதில் 2: மீட்புப் பணியாளர்களுக்கு நேரும் ஆபத்தைக் காட்டியிருந்தால் அந்த இடைவெளி ஓரளவு நிரம்பியிருக்கும். மறுதரப்பைப் பெயருக்கு ஒரு வரியில் தொட்டுச் செல்வதற்கும் மதிப்பெண் தராதீர்கள்.

பதில் 3: நீங்கள் தடையை ஆதரிப்பவரானால், உங்கள் சார்பு மதிப்பெண்ணில் கலக்காமலிருக்க, அதை எதிர்த்து எழுதியவர்களின் தாள்களை முதலில் திருத்துங்கள்.