தரங்கம்பாடி: அப்பாவுக்காக ஆடியோ பதிவு, எங்கே தொடங்கலாம்?

அடுத்த மாதம் அப்பாவோடு தரங்கம்பாடி போகிறேன். அவருக்குப் பார்வை மங்கல், பலகைகளைப் படிக்க முடியாது. ஒவ்வொரு இடத்துக்கும் என் குரலிலேயே பேசிப் பதிவு செய்து, போனில் போட்டுக் கேட்கவைக்கலாம் என்று எண்ணம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில் 1:
எல்லாரும் நேராக டேனியர் (டென்மார்க்காரர்) கோட்டைக்கு ஓடுவார்கள், நீங்கள் ஓடாதீர்கள். 1792இல் கட்டிய ஊர் நுழைவாயிலில் தொடங்குங்கள். அங்கிருந்து ராஜா வீதி நேரே கடலுக்குப் போகும். வழி தப்பவே வாய்ப்பில்லை. முதலில் 1701இன் சீயோன் ஆலயம், அப்புறம் 1718இன் புதிய எருசலேம் ஆலயம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அடக்கமானது அதற்குள்தான். 1706இல் வந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவர். இந்த ஒரு கதைக்கு நிறைய நேரம் கொடுங்கள். மற்றதெல்லாம் இரண்டு நிமிடம் போதும்.

பதில் 2:
கோட்டைப் பதிவில், அது எழுந்த 1620ஐயும் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரையும் விட்டுவிடாதீர்கள். அவர் இடம் கொடுக்காமல் டேனியர்களுக்கு அங்கே கோட்டை ஏது? 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

இன்னொன்று, மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கடற்காற்று போனை மீறி இரையும். பாண்டியர் காலத்துக் கோயில், ஒரு பகுதியைக் கடலே கொண்டுபோய்விட்டது. அந்தப் பதிவை முன்னாடியே, கோட்டைச் சுவர் நிழலில் உட்காரவைத்துக் கேட்கவிடுங்கள். கோயிலில் சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும்.

கேட்டவர்:
சரி, நிழல் யோசனை அருமை. ஹெட்போன் ஒரு காதில் மட்டும்தான். தெருவில் பைக் வருமே.