குட்டிக் கைகளோடு கிறிஸ்துமஸ் நினைவுப் பொருள்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாநகர் அம்மா

பெரியவள் எல்கேஜி, சின்னவன் இப்போதுதான் நடை பழகுகிறான். இந்த டிசம்பரில் ரெண்டு பேர் கைத்தடத்தையும் எதிலாவது பதித்து, வருஷா வருஷம் மரத்தில் தொங்கவிட ஆசை. ஆனால் கண்ணில் படும் செய்முறை எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. நமக்கு டிசம்பர் என்றால் மழை, ஈரம், நடுவில் ஒரு புயல். மெட்ராஸில் செய்து அடுத்த வருஷம் வரை உருப்படியாக இருந்தது எது?

நங்கநல்லூர் ரெட்டைவால்களின் தாய்

எங்கள் வீட்டில் உப்பு மாவுதான். மைதா 2 கப், தூள் உப்பு 1 கப். தண்ணீரை முக்கால் கப்பில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். கல் உப்பு வேண்டாம், கை பதிகிற இடத்தில் பரல் பரலாக நிற்கும்.

நடை பழகும் வயதில் விரலை விரிக்கவே மாட்டார்கள். மாவைக் கண்டதும் என் பையன் ஒரு பிடி பிடித்து வாயருகே கொண்டுபோய்விட்டான். மெதுவாகப் பிடுங்கி, திரும்பத் தட்டையாக்கி, முதலில் உள்ளங்கையை வைத்து அப்புறம் ஒவ்வொரு விரலாக மேலிருந்து அழுத்தினேன். சுண்டுவிரல் பாதிதான் விழுந்தது. மறுபடி செய்யலாம் என்றார் வீட்டுக்காரர், நான் விடவில்லை. அந்தப் பாதிச் சுண்டுவிரலைத்தான் இன்றைக்கும் வருகிறவர்கள் எல்லாம் தொட்டுப் பார்க்கிறார்கள்.

கயிறு கோக்கும் ஓட்டையை ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ராவால் குத்திவிட வேண்டும். பின்பக்கம் பல்குத்தும் குச்சியால் பெயர், வயது, வருஷம் எழுதுங்கள். அப்புறம் ஓடிஜி மின் அடுப்பில் 100 டிகிரியில் ரெண்டு மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப்போட்டு. மொட்டை மாடி வெயிலை நம்பாதீர்கள். வெயில் இருந்தால் காக்கை வரும், காக்கை வராவிட்டால் மழை வரும்.

உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதனால் நன்றாக ஆறிய பிறகு முன், பின், ஓரம், ஓட்டைக்குள் என எல்லா இடத்திலும் ரெண்டு கோட் வார்னிஷ் அடிக்க வேண்டும். அதைப் பிள்ளைகள் தூங்கியதும் பால்கனியில் வைத்துச் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பிப்ரவரிக்குள் தொட்டால் பிசுபிசுக்கும். ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் தாக்குப்பிடிக்கிறது.

ஒன்று முக்கியம்: இந்த மாவை ருசி பார்க்க விடாதீர்கள். அவ்வளவு உப்பு சின்னப் பிள்ளை உடம்புக்கு ஆபத்து, வீட்டு நாய்க்கும்தான்.

வேளச்சேரி தரைத்தளம்

என் கதை வேறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கிறிஸ்துமஸ் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. வார்னிஷ் அடித்த உப்பு மாவு நட்சத்திரங்கள் கூழாகிப் போயின. மகள் யூகேஜியில் ஐஸ் குச்சியால் செய்த குடில் மட்டும் சாயம் போய், ஒரு சுவர் கழன்று, மற்றபடி அப்படியே இருந்தது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் பெட்டியைப் பரணில் வையுங்கள். செய்த அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

மழலையர் வகுப்பு மிஸ்

அரையாண்டுத் தேர்வுக்கும் லீவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இதையெல்லாம் செய்கிற ஆள் நான். வெளிப்படையாகச் சொல்கிறேன், பாதிப் பள்ளிகளில் வீட்டுக்கு வரும் அழகான சாண்டா டீச்சர் கைவேலை. பெற்றோர் கேட்பது அது, நாங்களும் கொடுத்துவிடுகிறோம். போன வருஷம் ஒரு பையன் சூசையப்பருக்குப் பச்சைத் தாடி வைத்தான். கூட்டிப்போக வந்த அவன் அம்மா, "மிஸ், வேறொன்று கொடுங்களேன்" என்றார். மாற்றித் தரவில்லை. நினைவுக்குத்தானே வைக்கிறோம், அது அவன் கை செய்ததாக இருக்க வேண்டாமா?

அப்புறம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் பிள்ளையின் கையை நேராக விடாதீர்கள். இறுகும்போது அது சூடேறும், தோல் வெந்துபோகும். முதலில் களிமண்ணில் கையைப் பதியுங்கள். கையைக் கழுவிவிட்டு, அந்தப் பள்ளத்தில் பெரியவர்கள் பிளாஸ்டரை ஊற்றலாம்.

புரசைவாக்கம் கொலு மாமி

மிஸ் சொன்ன களிமண்ணுக்கு எங்கள் கொசப்பேட்டை இருக்கிறதே! பொம்மை செய்கிறவர்களிடம் கேட்டால் பிசைந்த மண்ணே தருவார்கள். எதிர் ஃப்ளாட் குட்டி, குடிலுக்கு ஆடு செய்ய என்னிடம்தான் வருவாள். நிழலில், ஈரத்துணி மூடி, மெதுவாகக் காயவிடணும். அவசரப்பட்டால் கால் விரிசல் விடும். சுடாத மண், தண்ணீர் பட்டால் கரையும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எனக்குப் பிடித்தது அவர்கள் வீட்டுக் காடாத்துணிதான். குடிலுக்கு அடியில் விரிப்பது. பாரிமுனை கோடவுன் தெருவில் வாங்கியதாம். ஒவ்வொரு வருஷமும் துணிச்சாயத்தில் அவள் கை ஒன்று, பக்கத்தில் வருஷம். நன்றாகக் காய்ந்ததும் பின்பக்கம் இஸ்திரி போட்டால் சாயம் நிற்கும். உடையாது, நமுக்காது. மடித்து வைத்தால் ஒரு புடவைக்கான இடம்கூட வேண்டாம். பழைய சின்னக் கையின் மேல் இப்போது தன் கையை வைத்துப் பார்த்து, "மாமி, இது பாப்பா கை" என்கிறாள்.

பெரம்பூர் தாத்தா

எங்கள் காலத்தில் நட்சத்திரத்தைக் கடையில் வாங்க மாட்டோம். மூங்கில் சிம்பில் ஐந்து முனை நட்சத்திரம் ரெண்டு கட்டி, முனைகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் சின்னக் குச்சிகளை முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும். மேலே வண்ணத்தாள். இப்போது பேரனோடு அதையேதான் செய்கிறேன். சிம்பு சீவுவது, கட்டுவது என் வேலை. தாள் ஒட்டுவது அவன் வேலை. குண்டு பல்பு சூட்டில் தாள் கருகும், எல்இடி போட்டுக்கொள்ளுங்கள். சீசன் முடிந்ததும் ஒரு முக்கோணத்தை மட்டும் வெட்டி, அவன் கையெழுத்தோடு ஆல்பத்தில் வைக்கிறோம். முழு நட்சத்திரத்தை யார் வீட்டில் வைக்க இடமிருக்கிறது?

அண்ணாநகர் அம்மா

தாத்தா, ஒட்ட என்ன பசை? மைதாப் பசையை எங்கள் வீட்டுக் கரப்பான் விட்டுவைக்காது. மற்றபடி காடாத்துணி என்று முடிவாகிவிட்டது மாமி, சனிக்கிழமை பாரிமுனை போகிறேன். மரத்துக்கு மட்டும் ஆளுக்கொரு உப்பு மாவுக் கை.

பெரம்பூர் தாத்தா

மைதாப் பசைதான் அம்மா. பூச்சி வராமலிருக்க அந்தக் காலத்தில் மயில்துத்தம் கலப்போம். அது விஷம், பிள்ளை கை வைக்கும் பசையில் அறவே வேண்டாம். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள், போதும். ஆல்பத்துக்குள் ரெண்டு கற்பூர வில்லை போட்டு வைக்கிறேன், அதையும் பேரன் எட்டாத அலமாரியில்.