அம்மாவுக்கு பைபோலார், ஹாஸ்டலில் எனக்கு யாரோடும் ஒட்டவில்லை

காலேஜ் முதல் வருடம், இரண்டாவது செமஸ்டர். நான் எட்டாவது படிக்கும்போதிலிருந்தே அம்மாவுக்கு பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் மனநோய்). அதற்கு லித்தியம் மாத்திரை எடுக்கிறார், அதற்கான ரத்தப் பரிசோதனையும் ஒழுங்காக நடக்கிறது. இப்போது ஓரளவு நன்றாகவே இருக்கிறார். சிக்கல் என் பக்கம்தான்.

ரூம்மேட் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் போதும், என் மேல் கோபமோ என்று வயிற்றைக் கலக்குகிறது. அம்மா டம்ளரை வைக்கும் சத்தத்திலேயே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று கணித்து வளர்ந்தவன் நான். அந்தப் பழக்கம் இங்கேயும் விடவில்லை. எல்லோரும் அரட்டை அடிக்கும்போது நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டிலிருந்து போன் வந்தால் பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவேன். இப்போதெல்லாம் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

ஒரு கிளப்பில் சேர்ந்தேன், வாயே திறக்கவில்லை. அவசரம் என்றால் மட்டும் பகலில் கூப்பிடச் சொல்லி அப்பாவிடம் பேசினேன். இது மட்டும் கொஞ்சம் உதவியது. காலேஜ் கவுன்சலர் டைம்டேபிள் போடச் சொல்லி அனுப்பிவிட்டார் (அதுவா என் பிரச்சினை?). ரூம்மேட்டிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் நோயை அவரைக் கேட்காமல் வெளியே சொல்வதா என்று தயக்கம்.

இப்படி வளர்ந்தவர்கள் சொல்லுங்கள்: புதிதாகப் பழகுகிறவரிடம் வீட்டு நிலைமையை எப்போது, எவ்வளவு சொன்னீர்கள்?