தெற்கு பார்த்த பால்கனியில் மல்லி ஏன் பூக்கலை? வெயில், நிழல் அனுபவங்கள்

சென்னை வேளச்சேரி, மூணாவது மாடி:

மேல் வீட்டு மாமி போன மே மாசம் கூப்பிட்டு மல்லித் தொட்டியைக் காட்டினாங்க. "தெற்கு பார்த்த பால்கனிம்மா, வெயிலுக்கா பஞ்சம்? ஒரு மொட்டு வைக்க மாட்டேங்கறது பாரு." கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு, கொடி கம்பிக்கு வெளியே நீண்டு கிடந்தது. உரமெல்லாம் மாத்திப் பார்த்தாச்சாம்.

வெயில் பத்தலைன்னேன். "அக்னி நட்சத்திரத்துலயா?"ன்னு சிரிச்சாங்க. மத்தியானம் 12 மணிக்குத் தரையைப் பாருங்க மாமின்னேன். பார்த்தாங்க, பொட்டு வெயில் இல்லை.

சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துட்டு, அதுக்கப்புறம் வடக்கே போயிடும். ஆகஸ்ட் 18 வாக்கில்தான் திரும்பும். அதுவரை தெற்குச் சுவரில் நேர் வெயில் படாது. மார்கழியில் நேர் எதிர். உச்சி வேளையிலேயே சூரியன் 53 டிகிரி உயரத்துலதான் நிக்கும், 9 அடிக் கூரைன்னா ஆறரை அடிக்கு மேலேயே வெயில் உள்ளே வரும். ஆனா மல்லிக்கு நவம்பர் கடைசியில் கவாத்து (கிளை வெட்டி விடுறது), பங்குனியில் இருந்துதான் பூ. அது தூங்கும்போது வெயில், மொட்டு வைக்கிற நேரம் பார்த்து நிழல்!

சமையலறைப் பக்கம் வடக்கு பால்கனியில் வாஷிங் மெஷின் பக்கத்துல பெரணியும் மணி பிளான்ட்டும் அந்த வடக்கு வெயில்ல வெளுத்து, ஓரமெல்லாம் கருகிக் கிடந்துது. மல்லியை வடக்கேயும் அதுங்களைத் தெற்கேயும் இடம் மாத்தி வச்சோம். ஆடி வர்றதுக்குள்ள சாமிக்கு வைக்கக் கைப்பிடி பூ கிடைச்சுது.

நர்சரியில் "செமி ஷேட்" (பாதி நிழல்)னு சொல்லித் தர்றாங்க. எந்த மாசத்து ஷேட்னு யாரும் சொல்றதில்லை.

மதுரை, மேற்கு பால்கனி:

எங்களுக்கு அந்த உச்சி நாள் ஒரு வாரம் முன்னாடியே, ஏப்ரல் 16 வாக்கில் வந்துடும். ஆனா மேற்குல தொல்லை வேற. ரெண்டு மணிக்கு மேல சுவரே அனல் கக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைத் தொட்டா கை சுடும், வேர் என்ன பாடுபடும்! வெயிலை 50 சதவீதம் தடுக்கிற பச்சை வலை கட்டினதுல புதினா பிழைச்சுது, குரோட்டன்ஸ் நிறம் போய் வெறும் பச்சையாயிடுச்சு. இப்போ வலையை எடுத்துட்டு, செம்பருத்தியையும் கறிவேப்பிலையையும் முன்வரிசையில் நிறுத்தியிருக்கேன். அதுங்க நிழல்ல புதினா, கொத்தமல்லி. தொட்டியும் மண் தொட்டிதான்.

வேளச்சேரிக்காரங்களே, ஆவணி பிறந்ததும் மாமியோட பெரணியைத் தெற்குல இருந்து எடுத்துடச் சொல்லுங்க. மல்லியைத் திருப்பி அங்கே கொண்டு வரும்போது முதல் ஒரு வாரம் காலை வெயில் மட்டும் படுற ஓரமா வைக்கட்டும். நிழல்ல வளர்ந்த இலை திடீர் வெயில்ல கருகிடும்.