வாப்பாவின் ஆம்பர் தஸ்பீஹ் மங்கிவிட்டது, என்ன செய்யலாம்?

காயல் மகள்:
அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா ஹஜ்ஜுக்குப் போனபோது மக்காவில் வாங்கிவந்த 33 மணித் தஸ்பீஹ் (ஓதும்போது எண்ணும் மணிமாலை), தேன் நிறம். மணிகள் மங்கி, மேலே மெல்லிய கீறல்களாக ஓடுகின்றன. நூல் இற்று ஒரு மணி கழன்றும் வந்துவிட்டது. நகைக்கடையில் “பிளாஸ்டிக்காக இருக்கும், ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கலாம்” என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?

மணிக்கடை காக்கா:
வஅலைக்குமுஸ்ஸலாம் லாத்தா. ஊசி வேண்டவே வேண்டாம், ஆம்பர் என்பது இறுகிப்போன பழங்கால மரப்பிசின், நல்ல ஆம்பரும் அதில் தெறித்துவிடும். டம்ளர் தண்ணீரில் இனிக் கரையாது என்னும்வரை உப்பைக் கலக்கி, கழன்ற மணியை மட்டும் போடுங்கள். மாலையாகப் போட்டால் குஞ்சமும் வெள்ளியும் கீழே இழுத்துவிடும். ஆம்பரின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.05 முதல் 1.10 மடங்குதான், அந்த உப்புநீரில் மிதக்கும். பேக்கலைட் என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக் மூழ்கும். செர்ரிச் சிவப்பில் கிடைக்கும் பழைய தஸ்பீஹ்களில் பெரும்பாலானவை பேக்கலைட்தான்.

மிதந்தாலும் அவசரப்படாதீர்கள். கோபால் என்னும் இளம் பிசினும் மிதக்கும், சில பிளாஸ்டிக்கும் மிதக்கும். பால்டிக் ஆம்பர் 4 கோடி ஆண்டுக்குமுன் மரத்தில் வடிந்து இறுகியது. துளையோரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துத் தொடுங்கள். கோபால் என்றால் பிசுபிசுக்கும். பார்த்தவுடன் துடைத்துவிடுங்கள்.

காயல் மகள்:
மிதந்தது காக்கா! பிசுபிசுப்பும் இல்லை. சுத்தம் செய்ய?

மணிக்கடை காக்கா:
அல்ஹம்துலில்லாஹ். வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, மெல்லிய துணி போதும். ஈரம் போனதும் ஆலிவ் எண்ணெய் ஒரு சொட்டு தடவி நன்றாகத் துடைத்துவிடுங்கள். நகைக்கடை அல்ட்ராசோனிக் மெஷினில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வெயிலும் உலர்ந்த சூடும்தான் அந்தக் கீறல்களுக்குக் காரணம். இருப்பவை போகாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம். செண்ட் அடித்த கையோடு எடுக்காதீர்கள். நகத்தளவே கடினம் என்பதால் தனித் துணிப்பையில் வையுங்கள். வயதில் நிறம் கருத்திருந்தால் அது அழகு, பாலிஷ் போட்டு எடுக்க வேண்டாம்.

சாரா உம்மா:
இடையில் ஒரு கேள்வி. பல் முளைக்கும் குழந்தைக்கு ஆம்பர் மாலை போட்டால் வலி குறையும் என்கிறார்களே?

மணிக்கடை காக்கா:
போடாதீர்கள். வலி குறையும் என்பதற்குச் சான்று இல்லை. கழுத்து இறுகும், மணி தொண்டையில் சிக்கும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-இலேயே எச்சரித்திருக்கிறது.

காயல் மகள் லாத்தா, கோர்க்கும்போது பட்டு நூல் கேளுங்கள். கம்பி துளையை அரித்துவிடும்.